வெளிவிளக்குக்கு எல்இடி பல்பு மட்டும் போதுமா?

கேள்வி: வீட்டைப் புதுப்பித்து வருகிறோம். வீட்டைச் சுற்றி நான்கு விளக்குகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் எல்இடி பல்பு போட்டால் மின்சிக்கன விதிகளுக்குப் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். வெளிவிளக்குகளுக்குத் தானியங்கிக் கட்டுப்பாடும் வேண்டும் என்கிறார் பொறியாளர். யார் சொல்வது சரி?

பதில்: பெரும்பாலும் பொறியாளர் சொல்வதுதான் சரி. மின்சிக்கனக் கட்டட விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பல இடங்களில் அவை பார்ப்பது இரண்டை: ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் வெளிச்சம் கிடைக்கிறது, தேவையில்லாதபோது விளக்கு தானாக அணைகிறதா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு தருவது ஏறக்குறைய 800 லூமென். 9 வாட் எல்இடியும் அதே வெளிச்சத்தைத் தரும். இரவில் 12 மணி நேரம் எரிந்தால் குண்டு பல்புக்கு ஆண்டுக்கு 263 யூனிட் ஆகும், எல்இடிக்கு 39. ஆள் நடமாடும்போது மட்டும், மொத்தம் ஒரு மணி நேரம் எரிந்தால் அந்த 39-ம் மூன்றாகிவிடும். ஆள் வருவதை உணர்ந்து விளக்கைப் போடும் சென்சார் நாள் முழுக்க அரை வாட் இழுத்தாலும் அதற்கு ஆண்டுக்கு நாலரை யூனிட்தான்.

ஒயரிங் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சென்சார் சுவிட்சுகள் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர், வேண்டும். பழைய முறையில் சுவிட்ச் பாக்ஸுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் ஒயர் மட்டுமே வரும், நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். பூச்சு முடிந்த பிறகு இது தெரியவந்தால் சுவரை மறுபடி வெட்ட வேண்டும். நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் சுவிட்சைப் போட்டால், அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டத்தில் எல்இடி அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கலாம். பூச்சு ஏற்கெனவே முடிந்துவிட்டதா? சென்சார் உள்ளேயே அமைந்த விளக்கை வாங்குங்கள். விளக்குப் புள்ளியில் ஃபேஸும் நியூட்ரலும் இருக்கும், சுவிட்சை எப்போதும் ஆனில் விட்டால் போதும்.

சென்சார் வைக்கும் இடமும் முக்கியம். இருட்டினால் விளக்கைப் போட்டு, விடிந்தால் அணைக்கும் ஒளி உணரியான போட்டோசெல்லின் மேல் அந்த விளக்கின் ஒளியே விழுந்தால், விடிந்துவிட்டது என்று எண்ணி அது அணைக்கும்; இருட்டானதும் மறுபடி போடும். இரவு முழுக்க இதே கதைதான். உடல் வெப்பத்தை உணரும் மோஷன் சென்சார், நேராக அதை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று கண்டுகொள்ளும். அதனால் நடைபாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.

மழை படும் இடத்துக்கு, தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐபி65 தர ஃபிட்டிங் எடுங்கள். ஒளி கீழ்நோக்கி விழட்டும், நிறம் 3000 கெல்வினைத் தாண்ட வேண்டாம், அதாவது மஞ்சள் சாயல் இருக்கட்டும். பூச்சித் தொல்லையும் குறையும், பக்கத்து வீட்டுப் படுக்கையறையிலும் வெளிச்சம் அடிக்காது. மூடிய ஃபிட்டிங்கில் சாதாரண எல்இடி பல்பு சூடேறிச் சீக்கிரம் போய்விடும், மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றதா என்று அட்டைப் பெட்டியில் படித்து வாங்குங்கள். வெளிச்சுற்றுக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் எர்த்தும் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பூச்சுக்காரர் வருவதற்கு முன் ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸிலும் நியூட்ரல் ஒயரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.