கையெழுத்து கேட்டு வருவார்கள்

கேள்வி: காட்பாடி பக்கம் அப்பா பெயரில் 1 ஏக்கர் 80 சென்ட் நஞ்சை இருந்தது. 2013-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான் மூவர்தான் வாரிசு. போன வருடம் அண்ணன் எனக்குத் தெரியாமல், அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, முழு நிலத்தையும் மனை போடுபவருக்கு விற்றுவிட்டார். கிணற்றைத் தூர்த்து, தென்னைகளை வெட்டி, கல் நட்டுவிட்டார்கள். பட்டாவும் மாறிவிட்டது. கலெக்டரிடம் மனு கொடுத்தும் பயனில்லை. நிலம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிணறும் தென்னையும் போனது பெரிய இழப்புதான். ஆனால் உங்கள் பங்கைத் தீர்மானிப்பது அது அல்ல. பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது, அதை விடுங்கள். கலெக்டர் மனுவில் பாகம் கிடைக்காது.

அப்பா இறந்த பிறகு நீங்கள் ஏதாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றுக்குப் போட்டது பரவாயில்லை. விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எதுவும் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 சென்ட், இன்றும் உங்களுடையது. அண்ணனும் அம்மாவும் எழுதிய கிரயம் அவர்கள் பங்குக்குத்தான் செல்லும்.

ஆனால் அந்த 60 சென்டை நஞ்சையாகவே மீட்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்தவர்கள் பலர் விழுந்த பள்ளம் இதுதான். தாசில்தார், போலீஸ் என்று அலைந்து கொண்டிருக்கும்போதே மனைகள் ஒவ்வொன்றாக விற்றுப் போகும். வழக்குப் போட்ட பிறகு வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். முன்பே வாங்கியவர் ஒவ்வொருவரையும் எதிர்வாதியாகச் சேர்க்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் சிக்கல், ஒருவர் இறந்தால் அவர் வாரிசுகளையும் சேர்க்க வேண்டும். மனைப்பிரிவின் சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானமாகப் போயிருக்கும். நிலம் உங்கள் கைவசம் இல்லை என்றால் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கேட்பார்கள். முதல்நிலைத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு, அப்பீல் என்று வருடங்கள் ஓடும். அதற்குள் வீடு கட்டியவர்கள் கடன் வாங்கிக் கட்டிய சாதாரணக் குடும்பங்களாக இருப்பார்கள். கூடுமானவரை அந்த மனைகளை அண்ணன் பங்கில் தள்ளி, உங்களுக்கு மிச்சத்தையோ பணத்தையோ தரவே நீதிமன்றம் பார்க்கும்.

அதனால் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். உங்கள் பலமே இப்போதுதான். மனை வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போனால், எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டார்களா என்று வங்கி வக்கீல் கேட்பார். அதனால் மனை போட்டவர் உங்களைத் தேடி வருவார். ஒரு சிறு தொகையோடு, ‘சும்மா சம்மதக் கடிதம்தான், தங்கச்சி’ என்பார். அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும். உங்கள் வக்கீல் படிக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

அதற்கு முன் பாகப்பிரிவினை வழக்கும், மேற்கொண்டு விற்கவும் கட்டவும் தடை கேட்கும் மனுவும் தாக்கலாகட்டும். தடை கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறும். விவசாய நில விலையில் பேசாதீர்கள், இன்றைய மனை விலையில் கேளுங்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் போனதைக் கழிக்கச் சொல்வார்கள், அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பணத்தை வங்கி வரைவோலையாகப் பதிவு அலுவலகத்திலேயே வாங்கிய பிறகுதான் கையெழுத்து. பின்தேதி செக் வேண்டவே வேண்டாம்.

2013 முதல் இன்றுவரை நிலத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதில் நீங்கள் எழுதிக் கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் வந்தால் நான் மேலே சொன்னது பொருந்தாது. ஏமாற்றி வாங்கியது என்றால் அதை ரத்து செய்ய, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் அவகாசம். நகல் எடுத்துக்கொண்டு உடனே வக்கீலைப் பாருங்கள்.