உள்ளுக்குப் போன அலுமாரி வெளியில வருகுதில்லை: கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கம் தச்சு வேலையும் வெல்டிங்கும் செய்யிற ஆள் நான். வீட்டுக்குள்ள மாட்டுப்பட்டு, வெட்டித்தான் எடுக்க வேணுமோ எண்டு யோசிக்கிற பெரிய சாமான்களைப் பற்றிக் கேளுங்கோ எண்டு சொல்லியிருந்தன். வந்த கேள்விகள் இவை.

விசுவமடு: அண்ணை, எங்கட வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில கட்டினது. சுவர் இடுப்பளவில நிக்கேக்க அம்மாவின்ர முதிரை அலுமாரியை அறைக்குள்ள இறக்கி, தறப்பாளால மூடி வைச்சம். இப்ப நிலை, கூரை எல்லாம் போட்டாச்சு, அலுமாரி வெளியில வருகுதில்லை. கிறைண்டரால ரெண்டா வெட்டிப் பிறகு பொருத்தலாமோ?

வெட்டாதேங்கோ தங்கச்சி. அந்தத் திட்டத்தில இந்திய அரசு குடுத்த 5,50,000 இலங்கை ரூபா கட்டம் கட்டமாத்தானே வந்தது. அரைச் சுவருக்குள்ள சாமானை வைச்சுக்கொண்டு சனம் வீடு கட்டினது, அதால உங்கட மாதிரி அலுமாரி வன்னியில கனக்கக் கிடக்கு.

பழைய அலுமாரி ஒரே துண்டு இல்லை. மேல் முடியும் அடிப் பீடமும் பெரும்பாலும் தனியா இருக்கும். கதவுகளையும் தட்டுகளையும் கழட்டுங்கோ. பின் பலகை அனேகமா ஆணிதான், உள்ளுக்கிருந்து மெல்லத் தட்டினால் வரும். இவ்வளவும் போனால் பாரம் பாதியாக் குறையும். அறைக் கதவையும் பிணைச்சலோட கழட்டுங்கோ, ஒரு அங்குலத்துக்கு மேல வழி கூடும். பிறகு அலுமாரியைச் சரிச்சு, கால் முதல்ல போற மாதிரித் திருப்பிப் பாருங்கோ. பாதிப் பேருக்கு வேலை இதோட முடியும்.

அப்பவும் வராட்டி மூலைகளைப் பாருங்கோ. வட்டமா ஒரு பொட்டுத் தெரிஞ்சால் அது மர ஆணி. அதைவிடக் கொஞ்சம் சின்ன அலகு போட்டு, ட்றில்லால குடைஞ்சு எடுத்தால் பொருத்துக் கழண்டு வரும். பசை பிடிச்சிருந்தால் சுடுதண்ணித் துணியைச் சுத்தி வைச்சு, பொறுத்து, மரச் சுத்தியலால தட்டுங்கோ. இடையில ஒரு மரத்துண்டு வைக்க மறக்க வேண்டாம்.

வெட்டியே ஆக வேணுமெண்டால் முன் பக்கத்தில கை வைக்காமல், பின் குறுக்குச் சட்டத்தைப் பொருத்துக்குக் கிட்ட நெருங்கின பல்லு வாளால அறுங்கோ. முதிரை வைரம், பிளேட் கெதியா மழுங்கும். அதின்ர தூள் தோலில பட்டால் சிலருக்குக் கடிச்சுத் தடிக்கும். முகமூடியும் நீளக் கையும் போடுங்கோ.

கிறைண்டரில மரம் அறுக்கிற பல்லு வட்டு பூட்டுற பழக்கம் எங்கட பக்கம் இருக்கு. எனக்கு அதைக் கண்ணில காட்டக் கூடாது. சின்னக் கிறைண்டர் நிமிசத்துக்குப் பதினோராயிரம் சுத்துக் கிட்ட ஓடுது. பல்லு மரத்தில இறுகினால் மெசின் கையை விட்டுத் திமிறித் திரும்பும், அது வாற பக்கம் உங்கட தொடையோ கழுத்தோ தெரியாது.

முழங்காவில்: குளியலறை கட்ட முதலே 1000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கியை உள்ளுக்கு வைச்சிட்டம். இப்ப அது வெடிச்சுப் போச்சு.

வெடிச்சதெண்டால் யோசிக்க ஒண்டுமில்லை, துண்டு துண்டா அறுங்கோ. கிறைண்டர் வேண்டாம், பிளாஸ்டிக் உருகித் திரும்ப ஒட்டும். ஜிக்சோ, இல்லாட்டி பெரிய பல்லுக் கைவாள் போதும்.

பரந்தன்: ஐயா, அப்பா நெல்லு மில் நடத்தின காலத்து இரும்பு டீசல் தாங்கி பின்னறையில இருக்கு. நாலடிக்கு நாலடி. கன வருசமாக் காலி. நானே வெட்டலாமோ?

காலி எண்டுறதுதான் பயம் தம்பி. அடியில ஒட்டியிருக்கிற மண்டி சூட்டில ஆவியாகும், மூடின தாங்கிக்குள்ள அது காத்தோட கலந்தால் ஒரு பொறி போதும். சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் தகட்டு மடிப்புக்குள்ள எண்ணெய் நிக்கும். கிறைண்டரும் காஸ் கட்டரும் கிட்டவே கொண்டு போகாதேங்கோ. முழுசா எடுக்கிறதுதான் என்ர முடிவு: யன்னலைக் கழட்டி, அதுக்குக் கீழ இருக்கிற கல்லை உடையுங்கோ. அந்தத் துண்டுச் சுவர் கூரைப் பாரத்தைத் தாங்கிறதில்லை. மேல லிண்டலையும் ரெண்டு பக்கத்துச் சுவரையும் தொடாமல், அடியில குழாய் உருட்டித் தள்ளினால் தாங்கி வரும். திரும்பக் கட்ட மேசனுக்கு ஒரு நாள் வேலை.

மாங்குளம்: கடைக்குப் பின்னால பழுதான ஃபிறீசர். பக்கத் தகட்டை வெட்டினால் வருமோ?

அந்தத் தகட்டுக்குப் பின்னாலதான் காஸ் குழாய் ஓடும். பின்பக்க லேபிளில ஆர்600ஏ எண்டு இருந்தால் உள்ளுக்கிருக்கிறது பத்தி எரியிற காஸ். மூடியையும் பிணைச்சலையும் கழட்டிப் பாருங்கோ. அதுக்கும் வராட்டி ஃபிறிஜ் திருத்திறவரைக் கூப்பிட்டுக் காஸை எடுத்த பிறகுதான் வெட்டு.

ஒட்டுசுட்டான்: பழைய வீட்டுத் திண்ணையை உடைக்கேக்க சீமெந்துக்குள்ள இறுகின இரும்பு உருளை ஒண்டு தெரியுது. தண்ணிக் குழாய் மாதிரி இல்லை. சுத்திவர வெட்டி எடுக்கட்டோ?

வேலையை உடன நிப்பாட்டுங்கோ, அது சண்டைக் காலத்து வெடிபொருளா இருக்கலாம். தட்டவோ, தண்ணி ஊத்தவோ, படம் எடுக்கக் கிட்டப் போகவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி நடந்து, பிள்ளையளையும் ஆடு மாட்டையும் தள்ளி வைச்சுப்போட்டு பொலிசின்ர 119க்கு அடியுங்கோ. வெறும் பழைய தண்ணிப் பம்பாக் கூட இருக்கலாம், இருந்திட்டுப் போகட்டும்.

புதுக்குடியிருப்பு: இரும்புக் கட்டிலை அறைக்குள்ளயே வெட்ட வேணும். கரண்ட் இல்லை, ஜெனரேற்றர் இருக்கு. என்ன கவனிக்க வேணும் அண்ணை?

ஜெனரேற்றரை முற்றத்தில வையுங்கோ, விறாந்தையிலயும் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். வயரைச் சுருளா விடாமல் முழுக்க விரியுங்கோ, சுருளுக்குள்ள சூடேறும். இரும்புக்கு ஒரு மில்லிமீற்றர் வட்டுப் பூட்டுங்கோ, அதில எழுதியிருக்கிற சுத்து மெசின்ர சுத்தை விடக் கூட இருக்க வேணும். காப்புத் தகட்டைக் கழட்டாதேங்கோ. தும்பு மெத்தை, திரைச்சீலை, நெல்லுச் சாக்கு எல்லாம் வெளியில போகட்டும். பொறி தும்புக்குள்ள விழுந்தால் உள்ளுக்குள்ள கனண்டு கிடந்து, நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்கதான் பத்தும். வெட்டி முடிஞ்சு அரை மணித்தியாலம் ஒராள் அங்கயே இருக்க வேணும், பக்கத்தில ஒரு வாளி தண்ணி.

நெடுங்கேணி: கூரைச் சீற்றைக் கழட்டி மேலால தூக்கினால் என்ன? அஸ்பெஸ்ரஸ் சீற்.

கடைசி வழியாத்தான் அது. சீற்றை அறுக்கவோ குடையவோ வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனால் வருசங்கள் கழிச்சுத்தான் வேலை காட்டும். நனைச்சு, கொழுக்கியைக் கழட்டி, முழுசா இறக்குங்கோ. சீற்றுக்கு மேல நேர கால் வைக்காதேங்கோ, மரத்துக்கு மரம் பலகை போட்டு அதில நில்லுங்கோ.

அக்கராயன்: ஒருக்கால் வெட்டுறதுக்கு கிறைண்டர் வாங்கட்டோ, வாடகைக்கு எடுக்கட்டோ?

வாடகைக்கு எடுங்கோ. வட்டும் கண்ணாடியும் மட்டும் புதுசா வாங்குங்கோ.