20 வாரக் கர்ப்ப ஸ்கேனில் குழந்தையின் இதயக் குழாய்கள் தெரியவில்லையா?

சகோதரி, 'நான்கு அறைகள் நார்மல், ரத்தக்குழாய்கள் தெளிவில்லை' என்ற ரிப்போர்ட்டுக்காக உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு அலைய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போய் வாருங்கள். குழந்தை திரும்பிப் படுத்திருந்தாலே இப்படி எழுதுவது உண்டு, அதனால் பதற வேண்டாம். ஆனால் அறைகள் சரியாக இருப்பது மட்டும் போதாது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போக வேண்டும். அடுத்தடுத்து இணையாக ஓடினால், இடம் மாறி அமைந்திருக்கலாம். அறைகளை மட்டும் பார்த்தால் அது தப்பிவிடும். முன்பே தெரிந்தால் குழந்தைகள் இதயப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். பிறந்தவுடன் மருந்து, சில வாரங்களுக்குள் ஆபரேஷன் என்று காப்பாற்றிவிடுகிறார்கள். 24 வாரத்துக்குள் ஃபீட்டல் எக்கோ, அதாவது வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்தை விவரமாகப் பார்க்கும் ஸ்கேன், எடுத்துவிடுங்கள். அப்புறம், உங்களுக்குச் சர்க்கரையோ குடும்பத்தில் பிறவி இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.