கடிதம்: ஐந்து பாட்டிலும் ஐந்து சிறு தட்டும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் மிலானில் வேலை பார்க்கிறேன். வருகிற நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, இத்தாலியச் சிவப்பு ஒயின்களை வரிசையாகச் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே நண்பர்களை வீட்டுக்கு அழைக்கலாம் என்று நானும் கணவரும் நினைத்திருக்கிறோம். எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். பாதிப்பேர் இத்தாலியர்கள், மீதிப்பேர் நம் ஊர்க்காரர்கள். இரண்டு பேர் சைவம். ஒருவர் குடிக்க மாட்டார், ஆனால் கட்டாயம் வருவேன் என்கிறார்.

ஒவ்வொரு ஒயினுக்கும் பொருத்தமாக ஏதாவது சின்னதாகச் சாப்பிடக் கொடுக்க வேண்டும். எத்தனை ஒயின், எந்த வரிசை, எதோடு எது என்பதில்தான் குழப்பம். பரிசாக வந்த 2019ஆம் ஆண்டுப் பரோலோ ஒயின் ஒன்று வீட்டில் இருக்கிறது. எல்லாரும் நிதானமாக இருக்கும்போதே அதை முதலில் திறந்துவிடலாமா? கணவருக்கு மட்டன் சுக்கா வைக்க ஆசை. கடைசியாக ஒரு தயக்கம்: ஒயின் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாத நான், இத்தாலியர்களையே உட்காரவைத்து இப்படி ஒரு மாலை நடத்துவது சரியாக இருக்குமா?

அன்புடன்,
எஸ்., மிலான்

அன்புள்ள எஸ்.,

தயக்கத்தை முதலில் தள்ளி வையுங்கள். இத்தாலி ஒரே நாடானது 1861இல்தான். சமையலிலும் ஒயினிலும் அது இன்னும் பல நாடுகளாகத்தான் இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் ஒயின் திராட்சை வகைகள் மட்டும் 500க்கு மேல். மிலானில் பிறந்து வளர்ந்த ஒருவர் சிசிலியின் வித்தோரியா ஊர் ஒயினை வாயில் வைத்தே பார்த்திருக்க மாட்டார். உங்கள் மேசையில் அவருக்கும் புதிதாக ஏதாவது இருக்கும். நீங்கள் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை, நல்ல வரிசையில் பரிமாறினால் போதும்.

நவம்பர் மிக நல்ல தேர்வு. 11ஆம் தேதி சான் மார்ட்டினோ நாள். அன்றைக்கு எல்லாத் திராட்சைச் சாறும் ஒயினாகிவிடும் என்று இத்தாலியில் பழமொழி உண்டு. புது ஒயினைத் திறந்து, வறுத்த செஸ்ட்நட்டோடு குடிப்பார்கள். முடிந்தால் அதை ஒட்டிய சனிக்கிழமையைப் பிடியுங்கள்.

இந்த மாலையில் உண்மையாகவே முக்கியமான காரியம் ஒன்றுதான். ஒவ்வொரு ஒயினையும் முதலில் வெறும் வாயில் ஒரு மிடறு. அடுத்து உணவில் ஒரு கடி. மறுபடியும் ஒரு மிடறு. இரண்டு மிடறுக்கும் நடுவில் என்ன மாறியது என்று எல்லாரையும் கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம், பாட்டிலைத் துணியால் மூடி ஊகிக்கச் சொல்லும் விளையாட்டும் வேண்டாம். செர்ரி வாசனை வருகிறதா, தோல் வாசனை வருகிறதா என்று தேடச் சொன்னால் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள். ‘முன்னைக்கு இப்போது புளிப்பு குறைந்திருக்கிறதா?’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியும்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இத்தாலியச் சிவப்பு ஒயினில் பெரும்பாலானவை தனியாகக் குடிப்பதற்கு உண்டானவை அல்ல. புளிப்பு தூக்கலாக இருக்கும், பலவற்றில் துவர்ப்பும் அதிகம். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி வாய் வறண்டு இழுக்கிறது. அதே வாயில் கொழுப்பும் புரதமும் உப்பும் உள்ள ஒரு கடி சேர்ந்தால் டேனினின் கடுமை தணிகிறது. ஒயினின் புளிப்பு, உணவின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடுகிறது. வெறும் வாயில் முகம் சுளித்தவர் இரண்டாம் மிடறில் நிமிர்ந்து உட்காருவார். அந்த நேரத்துக்காகத்தான் இந்த மாலையே.

வெனிஸில் ‘பாக்காரோ’ என்று சின்னச் சின்ன ஒயின் கடைகள் இருக்கின்றன. நின்றபடியே ஒரு சின்னக் கிளாஸ் ஒயின், கூடவே இரண்டு வாயில் முடிகிற ‘சிக்கெட்டி’ என்கிற தின்பண்டம். உங்கள் தட்டுகளும் அந்த அளவுதான் இருக்க வேண்டும். பெரிதாக வைத்தால் மூன்றாவது ஒயினுக்கே வயிறு நிறைந்துவிடும்.

ஒயின் ஐந்து போதும், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில். குடிப்பவர்கள் ஏழு பேர். ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் 420 மில்லி போகும். 750 மில்லி பாட்டிலில் மீதி இருப்பது, பிடித்ததைத் திரும்பக் கேட்பவர்களுக்கு. ஐந்து சுற்றில் ஒருவர் குடிப்பது 300 மில்லி, அதாவது சாதாரணமாக இரண்டு கிளாஸ். இதுவே வண்டி ஓட்டக்கூடாத அளவுதான். இத்தாலியில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வரைதான் அனுமதி. உரிமம் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்குச் சுழியம். எல்லாரையும் மெட்ரோவில் வரச் சொல்லிவிடுங்கள்.

வரிசைக்கு வருவோம். முதலில் லம்ப்ருஸ்கோ. மோதெனா பக்கத்து நுரைக்கும் சிவப்பு ஒயின். 1970களிலும் 80களிலும் இனிப்பு லம்ப்ருஸ்கோ அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போனதில் இதன் பேர் கெட்டுப்போனது. எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு. நீங்கள் ‘லம்ப்ருஸ்கோ தி சோர்பாரா’ என்று கேட்டு, லேபிளில் ‘செக்கோ’ என்று இருக்கிறதா பாருங்கள். இனிப்பில்லாதது என்று பொருள். வெளிர் நிறம், நல்ல புளிப்பு. 10 யூரோவுக்குள் நல்லதே கிடைக்கும். குளிரவைத்து ஊற்றுங்கள். கூட, ஞோக்கோ ஃப்ரித்தோ: மாவைச் சதுரமாக வெட்டி எண்ணெயில் உப்பப் பொரிப்பது, மேலே மோர்ட்டடெல்லா என்ற பன்றி இறைச்சியின் மெல்லிய துண்டு. அந்த ஊரில் மாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், பொரிப்பதும் அதில்தான். சைவ நண்பர்களை நினைத்து இரண்டுக்கும் எண்ணெயே பயன்படுத்துங்கள். அவர்களுக்கு மோர்ட்டடெல்லா இல்லாமல் உப்பு தூவிக் கொடுத்தாலும் பிரமாதமாக இருக்கும்.

இரண்டாவது, சிசிலியின் செராசுவோலோ தி வித்தோரியா. நேரோ தாவோலா, ஃப்ராப்பாத்தோ என்ற இரண்டு திராட்சைகளின் கலவை. ஒயினுக்கு இத்தாலி தரும் உயர்ந்த தகுதியான டிஓசிஜியைச் சிசிலியில் முதன்முதலில் வாங்கியது இதுதான், 2005இல். இதுவும் லேசாகக் குளிர்ந்தே இருக்கட்டும். இதற்குக் கபோனாட்டா செய்யுங்கள். பொரித்த கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர், தக்காளி, கொஞ்சம் வினிகர், கொஞ்சம் சர்க்கரை. முதல் நாளே செய்து வைத்தால் இன்னும் ருசி. வினிகரை மட்டும் சமையல் குறிப்பில் இருப்பதில் பாதியாகக் குறையுங்கள். வினிகர் கூடினால் எந்த ஒயினும் சப்பென்று ஆகிவிடும்.

மூன்றாவது, கியாந்தி கிளாசிகோ. இங்கே கொஞ்சம் நின்று பேசலாம், கதை அதிகம் உள்ள ஒயின். 1716இலேயே தொஸ்கானாவின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ தே மெதிச்சி, கியாந்தி என்ற பெயர் எந்த எந்த நிலத்து ஒயினுக்குச் செல்லும் என்று எல்லை வகுத்து ஆணை போட்டார். 1872இல் ப்ரோலியோ கோட்டைக்காரரான பெத்தினோ ரிக்காசோலி, இத்தாலியின் பிரதமராக இருந்தவர், பைசா பல்கலைப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தன் திராட்சைக் கலவையைச் சொன்னார்: மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சோவேசே, கடுமையைத் தணிக்கக் கனையோலோ, இளசாகவே குடிக்கிற ஒயினுக்குக் கொஞ்சம் மால்வாசியா. மால்வாசியா வெள்ளைத் திராட்சை! பின்னால் 1967இல் வந்த சட்டம் வெள்ளைத் திராட்சையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. நல்ல ஒயின் செய்ய நினைத்தவர்கள் பல வருடம் இதோடு மல்லுக்கட்டினார்கள். 2006 அறுவடையிலிருந்து கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கே இடமில்லை. இன்று குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே. பாட்டில் கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும். அந்தச் சேவலின் கதையை உங்கள் இத்தாலிய நண்பர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

இதற்குத் தொஸ்கானாவின் க்ரோஸ்தீனி. கோழி ஈரலை வெங்காயம், நெத்திலி, கேப்பரோடு வதக்கி அரைத்து, வாட்டிய ரொட்டியில் தடவுவது. அந்த ஊர் ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், அதனால்தான் மேலே தடவுவது அவ்வளவு உப்பும் காரசாரமுமாக இருக்கிறது. சைவத்துக்கு, வேகவைத்த வெள்ளை பீன்ஸை மசித்து, நல்ல ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சேஜ் இலை வைத்த ரொட்டி. எனக்கு இரண்டில் பீன்ஸ்தான் பிடிக்கும்.

நான்காவது உங்கள் பரோலோ. முதலில் திறக்கவே வேண்டாம். அதற்குப் பிறகு லம்ப்ருஸ்கோவும் செராசுவோலோவும் தண்ணீராகத் தெரியும். பரோலோவைக் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் வைத்த பிறகே விற்கலாம் என்பது விதி. அப்படியும் 2019 இன்னும் இளசுதான். விருந்தினர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திறந்து, வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் காற்றுப்பட வையுங்கள். பரோலோ செய்கிற நெப்பியோலோ திராட்சையின் நிறம் வெளிறியது. கிளாஸைப் பார்த்துவிட்டு லேசான ஒயின் என்று நினைப்பார்கள். வாயில் வைத்ததும் துவர்ப்பு பிடித்து இழுக்கும். முன்பு சொன்ன மிடறு, கடி, மிடறு வித்தை மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். ஆகவே அவசரப்படாதீர்கள், இந்தச் சுற்றுக்கு நேரம் கொடுங்கள். கடிப்பதற்கு வெண்ணெய் தாராளமாகப் போட்ட பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி ஒரு கரண்டி, மேலே வதக்கிய போர்ச்சீனிக் காளான். உலர்ந்த போர்ச்சீனி போதும். இது எட்டுப் பேருக்கும் பொது.

கடைசியில் அமரோனே. வெரோனா பக்கம் வால்போலிசெல்லா மலைகளில், கொர்வீனா முதலான திராட்சைகளைப் பறித்துக் காற்றோட்டமான அறைகளில் மூன்று நான்கு மாதம் உலர்த்திப் பிழிகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு போய், சர்க்கரை செறிந்துவிடும். அது முழுக்கப் புளித்ததும் ஆல்கஹால் 15, 16 சதவீதம் வரை போகிறது. இதை 40 மில்லி ஊற்றினாலே போதும். நன்றாக முதிர்ந்த பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைச் சிறு துண்டுகளாக உடைத்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: பர்மிஜானோவுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைப்பொருளைத்தான் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. சைவ நண்பர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. அவர்களுக்குத் திரெவீசோவின் ராடிக்கியோ கீரையை எண்ணெய் தடவி வாட்டி, வால்நட்டோடு கொடுங்கள். அதன் கசப்பும் அமரோனேயும் அருமையாகச் சேரும். நவம்பரில் அது சந்தையில் கிடைக்கும்.

சரி, மட்டன் சுக்கா. கணவரின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மிளகாய் எரியும் வாயில் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், டேனின் இன்னும் கரடாகத் தெரியும். பரோலோவும் சுக்காவும் சேர்ந்தால் இரண்டுமே கெடும். சுவைப்பு முடிந்தபின் சாப்பாடாகப் பரிமாறுங்கள். அப்போது குளிர்ந்த லம்ப்ருஸ்கோ இன்னொரு பாட்டில் இருந்தால் அது தாக்குப்பிடிக்கும். வரிசைக்குள்ளேயே ஆட்டிறைச்சி வேண்டுமென்றால் அப்ருத்சோவின் அரோஸ்திசீனி இருக்கிறது: சின்னத் துண்டுகளைக் குச்சியில் கோத்து, உப்பு மட்டும் போட்டுக் கரியில் சுடுவது. அதற்கு மோந்தேபுல்ச்சியானோ தாப்ருத்சோ என்ற ஒயின். கியாந்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கலாம்.

குடிக்காத நண்பருக்குக் கினோட்டோ வாங்கி வையுங்கள். கசப்பு கலந்த அந்த சோடா இந்தத் தட்டுகளில் பாதிக்கு மேல் நன்றாகப் பொருந்தும். அவரிடம் ‘ஒரே ஒரு சொட்டு’ என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட்டைக் கவனியுங்கள். நவம்பரில் மிலான் வீடுகளில் ஹீட்டர் ஓடும், அறை 21, 22 டிகிரி இருக்கும். கனமான சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 போதும். பாட்டிலை அரை மணி நேரம் பால்கனியில் வைத்தாலே சரியாகிவிடும். ஒவ்வொன்றையும் விருந்தினர் வருமுன் திறந்து முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, அதை ஊற்றாதீர்கள். அன்று மாலை ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைப்பூ எதுவும் மேசைப் பக்கம் வேண்டாம்.

மிச்சம் இருந்தால் பரோலோவையும் அமரோனேயையும் கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பரோலோ இன்னும் இறுக்கம் தளர்ந்து இருக்கும், ஆளுக்கு ஒரு வாய் வைத்துப் பாருங்கள். கியாந்தி மீதியைப் பீன்ஸ் குழம்பிலோ இறைச்சியிலோ ஊற்றிச் சமைத்துவிடலாம். எந்தச் சுற்றுக்கு மேசையில் பேச்சு அதிகமாக இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா