ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா?

தம்பி, வியாசர்பாடியிலிருந்து லண்டன் போய்ச் சேர்ந்த சூட்டோடு நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தொகுதி எம்.பி. தங்கமான மனிதர், ஆனால் அவருடைய கட்சியின் குடியேற்றக் கொள்கை வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஓட்டை எதைப் பார்த்துப் போடுவது, ஊரில் இருக்கும் ஓட்டு என்ன ஆகும் என்கிறீர்கள். பிரிட்டனிலிருந்து விடுமுறைக்குத் தண்டையார்பேட்டை வந்திருக்கிறேன், அதனால் சாவகாசமாகவே எழுதுகிறேன்.

அங்கே உங்களுக்கு ஓட்டு உண்டு, சந்தேகம் வேண்டாம். முறையான விசாவுடன் பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பெயரை நீங்களே பதிந்துகொள்ள வேண்டும். சாவடியில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். விரலில் மை கிடையாது, பொத்தான் கிடையாது. தாளில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். முதல்முறை எனக்கு ஓட்டுப் போட்ட திருப்தியே வரவில்லை.

வடசென்னைப் பழக்கம் ஒன்றை மட்டும் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். சாக்கடை அடைத்தாலும் தண்ணீர் லாரி வராவிட்டாலும் நாம் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் போய் நிற்போம். வேறு எங்கே போவது? 2016 கடைசியிலிருந்து 2022 வரை சென்னை மாநகராட்சியில் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. பிரிட்டனில் குப்பையும் தெருவிளக்கும் கவுன்சிலர் பாடு. அதற்குத் தனித் தேர்தல் வரும், உள்ளூர்க் கோபத்தை அதில் காட்டுங்கள்.

எம்.பி. செய்யும் உதவி வேறு வகை. என் மனைவியின் விசா விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்காகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. எம்.பி. நூலகத்தின் பின்னறையில் மக்களைச் சந்திக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அழைத்துப் போக வட்டச் செயலாளர் இல்லை, போட சால்வையும் இல்லை. உதவியாளர் விண்ணப்ப எண்ணையும் முகவரியின் அஞ்சல் குறியீட்டையும் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். அங்கிருந்து கடிதம் போனது, பதிலும் வந்தது. அந்த எம்.பி.யின் கட்சிக்கு நான் ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். ஆகவே உதவுகிறார் என்பதற்காக ஓட்டுப் போட வேண்டிய கட்டாயம் இல்லை, அது அவருடைய வேலை.

சட்டமும் விதியும் மாறும்போது அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. நிரந்தரக் குடியிருப்புக்கு 5 ஆண்டு என்று இருந்ததை 10 ஆக்கலாம் என்று பிரிட்டன் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை சொன்னது. அதைக் கடிதம் எழுதித் தடுக்க முடியாது. சொந்தக் கட்சியை எதிர்த்து நிற்க ஆள் வேண்டும். அங்கே அப்படி நிற்க வழி இருக்கிறது. நம் நாட்டில் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம். பிரிட்டனில் 2024 ஜூலையில், உதவித்தொகை இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் என்ற வரம்பை எதிர்த்துத் தொழிற்கட்சி எம்.பி.க்கள் 7 பேர் தங்கள் அரசுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். நாடாளுமன்றக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள், பதவியைத் தொட முடியவில்லை. அதே மாதத் தேர்தலில், தொழிற்கட்சி ஒதுக்கிவிட்ட அதன் முன்னாள் தலைவர் ஜெரமி கார்பின் தன் பழைய தொகுதியிலேயே சுயேச்சையாக நின்று ஜெயித்தார். (சுயேச்சை என்றதும் டி.டி.வி. தினகரன் ஜெயித்த 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை நினைக்காதீர்கள், அது வேறு ரகம்.)

உங்கள் எம்.பி. எந்தெந்த வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் நின்றார் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் பெயரோடு இருக்கிறது. ஒரு தடவையாவது கட்சியை மீறியிருந்தால் ஆளை நம்பிப் போடுங்கள். மீறியதே இல்லை என்றால், எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் நீங்கள் போடுவது கட்சிக்கான ஓட்டுதான். கொள்கையைப் பார்த்தே முடிவெடுங்கள்.

ஊர் ஓட்டுக்கு வருகிறேன். படிவம் 6ஏ கொடுத்தால் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பாஸ்போர்ட்டில் உள்ள வியாசர்பாடி முகவரிக்கே பெயர் சேர்ப்பார்கள். தபால் வாக்கு கிடையாது. அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். தேர்தல் நேரத்து விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள்.