மிஸ்ஸியைக் கேளுங்கள்

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு வயது 19. மகளுக்கு எட்டு மாதம். கணவர் கத்தாரில் இருக்கிறார். மகள் தவழ்வது, சிரிப்பது எல்லாவற்றையும் டிக்டொக்கில் போடுகிறேன். நிறையப் பேர் பார்க்கிறார்கள். "நீயும் அமெரிக்காவில அந்த ஃபாரா மாதிரித்தான் வரப்போறாய்" என்று மச்சாள் ஏசுகிறா. ஃபாரா ஏபிரகாம் அவ்வளவு மோசமான தாயா? நான் செய்வது பிழையா?
- ஒரு வாசகி, வாழைச்சேனை

பதில்: மகள், ஃபாராவின் கதையை எல்லாரும் கடைசியில் இருந்துதான் சொல்கிறார்கள். நீங்கள் முதலில் இருந்து கேளுங்கள்.

2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான எம்டிவி, பதினாறு பதினேழு வயதில் கர்ப்பமான பிள்ளைகளைப் படம்பிடித்துக் காட்டத் தொடங்கியது. ஐயோவா மாநிலத்தில் இருந்த ஃபாராவும் அதில் ஒருத்தி. குழந்தையின் தகப்பன் 2008 டிசம்பர் 28 அன்று வாகன விபத்தில் இறந்துபோனான். மகள் பிறந்தது 2009 பெப்ரவரி 23இல். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. நம்முடைய ஊரில் என்றால் தாய், மாமி, பெரியம்மா என்று ஆள்மாறி ஆள் கூடப் படுத்திருப்பார்கள். துடக்குக் கழியும்வரை வெளியாள் எட்டிப்பார்க்க விடமாட்டார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் கமரா நின்றது.

பிறகு நடந்தவை உங்கள் மச்சாளுக்கே தெரியும். 2013இல் வயது வந்தோருக்கான படம், 2018இல் நிகழ்ச்சி நடத்தியவர்கள் மீது வழக்கு, அதே ஆண்டில் ஹோட்டல் ஒன்றில் கைது. எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 18 வயதிலேயே ஒரு நாடு முழுக்கப் பார்த்து ஏசத் தொடங்கிய பிள்ளை அவ. மோசமான தாய் என்று முத்திரை குத்த எனக்கு மனம் வரவில்லை.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் நான் மிஸ்ஸியாக, அதாவது குடும்பநல மாதுவாக, வேலை செய்த காலத்தில் அதே வயதில் ஒரு தாய் இருந்தாள். எல்லாரும் போன பிறகுதான் கிளினிக்குக்கு வருவாள். பிள்ளையை நிறுக்கும்போது தராசைப் பார்க்க மாட்டாள், வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். திரிபோஷா சத்துமா பைக்கற்றைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு போவாள். ஊரில் பத்துப் பேரின் பார்வைக்கே அவள் அப்படி ஒடுங்கிப்போனாள்.

சரி, உங்கள் விஷயம். மகள் தவழ்வதைத் தகப்பன் பார்க்கத்தான் வேண்டும். வட்ஸ்அப்பில் தினமும் அனுப்புங்கள். ஊருக்கெல்லாம் போடுவதை நிறுத்துங்கள். குளிக்க வார்ப்பது, அழுவது, வீட்டு வாசல் தெரிவது, இவற்றை இன்றைக்கே அழித்துவிடுங்கள். எட்டு மாதப் பிள்ளைக்கு 'வேணாம்' என்று சொல்லத் தெரியாதே. பெற்றோர் காணொளியில் உழைத்தால், அதில் வரும் பிள்ளைக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 2024 ஜூலையில் இருந்து சட்டமே இருக்கிறது. அங்கேயே இப்போதுதான் யோசிக்கிறார்கள்.

மச்சாளோடு கோபிக்காதீர்கள். நீங்கள் ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ளப் பிள்ளையைப் பிடித்திருக்க அவதான் பக்கத்தில் இருக்கிறா. இன்னொன்று, உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒரு தனிமை எனக்குத் தெரிகிறது. அடுத்த மாதம் ஒன்பது மாத ஊசிக்குக் கிளினிக் போவீர்கள்தானே? ஊசி போட்டதும் ஓடிவராமல், உங்கள் பகுதி மிஸ்ஸியிடம் கொஞ்ச நேரம் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள்.