முயல் புழுக்கையில் விட்ட மண்புழு ஏன் சாகிறது? வீட்டில் மண்புழு உரம் சரியாகத் தயாரிப்பது எப்படி?

கும்பகோணம் பக்கம் ஆறு முயல் வளர்ப்பவரின் கேள்வி இது. கூண்டுக்கு அடியில் சேர்ந்த கழிவை அப்படியே அள்ளித் தொட்டியில் கொட்டிப் புழு விட்டிருக்கிறார். இரண்டு நாளில் பாதி செத்து, மீதி வெளியே ஏறிவிட்டது.

புழுக்கை மேல் பழி இல்லை. கொன்றது பெரும்பாலும் மூத்திரம். முயலின் மூத்திரம் காரத்தன்மை உள்ளது. கூண்டுத் தட்டில் வெள்ளையாகப் படிவது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து. மூத்திரத்தில் இருக்கும் யூரியா சிதைந்தால் அம்மோனியா வரும். காரமான இடத்தில் அது இன்னும் வேகமாக வாயுவாகும். ஈரத் தோலால் மூச்சு விடும் மண்புழு அதைத் தாங்காது. கூடவே உப்பும் ஏறுகிறது. எனவே தொட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் புழுக்கையையும் மூத்திரத்தையும் பிரிக்க வழி செய்யுங்கள்.

கூண்டுக்கு ஓர் அடி கீழே பழைய பிளக்ஸ் பேனரைச் சாய்வாகக் கட்டி, அதற்கு இரண்டு விரல் மேலே கால் அங்குலக் கண் உள்ள பிளாஸ்டிக் வலையை இழுத்துக் கட்டினால் போதும். புழுக்கை வலையில் நிற்கும், மூத்திரம் வழிந்து ஓரத்து வாளியில் விழும். தகரம் வேண்டாம், சீக்கிரம் துருப்பிடிக்கும். வாளியில் சேர்வதைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றலாம்.

அடுத்த எதிரி சூடு. "முயல் எரு சூடு இல்லாதது, நேராகப் போடலாம்" என்று பலரும் சொல்வார்கள். செடிக்கு மெல்லிசாகத் தூவும் வரை அது சரி. ஈரத்தோடு ஓர் அடி உயரம் குவித்தால் உள்ளே கை வைக்க முடியாது. ஆகவே சேர்ந்த புழுக்கையை நிழலில் மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறி, 15 நாள் ஆற விடுங்கள். உருண்டை ஊறி, விரலால் நசுக்கினால் உடைய வேண்டும். காய்ந்த உருண்டைக்குள் புழு நுழையாது. தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

தழைச்சத்து அதிகம் உள்ள எரு என்பதால் தனியாகப் போடக் கூடாது. மூன்று கூடை புழுக்கைக்கு ஒரு கூடை வாழைச் சருகோ, நாலு விரல் நீளம் நறுக்கிய வைக்கோலோ கலந்துகொள்ளுங்கள். தென்னை நார்க்கழிவு போடுவதாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். நெல் உமி சுலபத்தில் மக்காது, அதைத் தவிர்க்கலாம்.

கலவை தயாரா என்று அறிய ஒரு சட்டி போதும். இரண்டு கை கலவையில் பத்துப் புழு விடுங்கள். சில நிமிடத்தில் உள்ளே இறங்கி, மறுநாளும் உள்ளேயே இருந்தால் தயார். ஓரத்தில் ஏறி நின்றால் இன்னும் ஒரு வாரம் ஆறட்டும். இதைச் செய்யாமல் மொத்தப் புழுவையும் இறக்காதீர்கள்.

தொட்டிக்கு மூன்று அடி விட்டமுள்ள சிமெண்ட் உறை இரண்டு வாங்குங்கள், ஒன்றரை அடி உயரம் போதும். ஒரு முயல் நாளைக்கு 100 முதல் 150 கிராம் புழுக்கை போடும். ஆறு முயலுக்கு இரண்டு மாதத்தில் 40, 50 கிலோ சேரும். ஓர் உறை நிரம்பி முதிரும்போது மற்றதில் போட்டுவரலாம். புது உறையில் சிமெண்டின் காரம் இருக்கும். அடியை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு வாரம் மாற்றி மாற்றி ஊற வைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

நம் பக்கம் குழி மட்டும் எடுக்கவே கூடாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் களிமண் நிலத்தில் குழிக்குள் ஊற்று வந்துவிடும், புழு மூழ்கிப் போகும். முக்கால் அடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, மேலே பெருச்சாளி புகாதபடி கம்பிவலை விரித்து, அதன்மேல் உறையை வையுங்கள். மேடையைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் தண்ணீர் கால் ஓடினால் எறும்பு வராது. கீற்றுக் கொட்டகை, சாரல் அடிக்காத தாழ்வாரம் இரண்டும் நல்ல இடம்.

உறைக்குள் அடியில் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி, மேலே நைலான் வலை, அதன்மேல் நனைத்த வாழைச் சருகும் வைக்கோலும் நாலு அங்குலம், பிறகு 15 நாள் ஆறிய மாட்டுச் சாணம் ஒரு கூடை. இதில் புழுவை விட்டு, ஒரு வாரம் கழித்துப் புழுக்கைக் கலவையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலத்துக்கு மேல் போட வேண்டாம். போட்டது முக்கால்வாசி கரைந்ததும் அடுத்தது. மொத்த உயரம் ஓர் அடியைத் தாண்டினால் அடியில் காற்று இருக்காது, நாற்றம் எடுக்கும்.

எந்தப் புழு? ஐசீனியா ஃபெட்டிடா குளிர்ச்சியான ஊருக்கு ஏற்றது. கொடைக்கானல் மன்னவனூர் போன்ற மலை ஊரில் அது செழிக்கும். நம் கத்திரி வெயிலில் 35 டிகிரிக்கு மேல் போனால் தாங்காது. யூட்ரிலஸ் எனும் ஆப்பிரிக்கப் புழுவோ, நம் நாட்டுப் பெரியோனிக்ஸோ வாங்குங்கள். ஓர் உறைக்கு அரை கிலோ போதும், தானே பெருகும். சித்திரை, வைகாசியில் ஈரச் சாக்கு மூடி, காலை மாலை தெளியுங்கள்.

ஈரத்தைக் கையால் பாருங்கள்: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குளத்து நீரோ மழை நீரோதான் தெளிக்க வேண்டும்.

மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் மூத்திரம் கலந்திருக்கிறது. மேல் அடுக்கை எடுத்துவிட்டுச் சருகு சேருங்கள். அழுகல் நாற்றம் என்றால் தண்ணீர் அதிகம். எறும்பு வந்தால் தொட்டி காய்ந்திருக்கிறது. சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட முயலின் புழுக்கையை மூன்று வாரம் தனியாக ஒதுக்குங்கள். அந்த மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடுதான் வெளியேறும்.

45 முதல் 60 நாளில் மேலே தேயிலைத் தூள் நிறத்தில் உரம் நிற்கும். நாலைந்து நாள் தண்ணீரை நிறுத்தி, வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழு அடிக்கு இறங்கிவிடும். மேலிருந்து வழித்துச் சலித்துக்கொள்ளலாம். சலித்ததை வெயிலில் காய வைக்காமல், நிழலில் சாக்கில் லேசான ஈரத்தோடு வையுங்கள். தொட்டிச் செடிக்கு மாதம் இரண்டு கை, காய்க்கும் தென்னைக்கு வருடம் 5 முதல் 10 கிலோ. முயலுக்கே அறுத்துப் போடும் வேலிமசால், அகத்திப் பாத்திக்கு மட்டும் போடாதீர்கள். முயலுக்குக் கழிச்சல் தரும் காக்சிடியா கிருமியின் முட்டை புழுவின் வயிற்றுக்குள் போய் வந்தாலும் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. தீவனத்தோடு அது குட்டிகளுக்குத் திரும்பப் போகும்.